கட்டி சார்க் மரக்கப்பல் கிட்: மரம் அருமை, நூல் மோசம், புத்தகம் படுமோசம்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்ட நாளிலிருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், என்ன விலை, எங்கே வாங்கினாய், நானும் வாங்கலாமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. ஐரோப்பாவிலிருந்து வரும் கிட், அவ்வளவு போதும். ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியையே தீர்த்துக்கட்டுவது நியாயமில்லை.

வாங்கியது கட்டி சார்க் என்ற பழைய பாய்க்கப்பலின் சின்ன மாதிரி, 1:100 அளவு, பெட்டியில் வரும் துண்டுகளை நாமே ஒட்டிக் கட்ட வேண்டும். நிஜக் கப்பலின் உடல் 212 அடி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கழியையும் சேர்த்தால் 280 அடி, நடுப் பாய்மரம் மட்டும் 152 அடி உயரம். நூறால் வகுத்துப் பாருங்கள், நீளம் 85 சென்டிமீட்டர், மரத்துக்குக் கீழே இருக்கும் உடலையும் சேர்த்தால் உயரம் அரை மீட்டருக்குச் சற்று மேல். வாங்குவதற்கு முன்னால் டேப் வைத்து மேஜையை அளந்துகொள்ளுங்கள். நான் அளக்கவில்லை. எட்டு மாதமாகச் சாப்பாட்டு மேஜை கப்பலுக்கு, நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பெட்டி விலை 18,500 ரூபாய், அதன்மேல் சுங்கவரி, கூரியர், அது இது என்று 26,000-ஐத் தொட்டுவிட்டது. வீட்டில் சொன்ன தொகை வேறு.

பெயரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சில் கட்டி சார்க் என்றால் குட்டைச் சட்டை, பெண்கள் உள்ளே போடும் குட்டை உடுப்பு. ராபர்ட் பர்ன்ஸின் கவிதை ஒன்றில் அப்படி ஒரு சட்டை போட்ட சூனியக்காரி, குதிரையில் தப்பி ஓடும் குடிகாரனைத் துரத்திக்கொண்டு போய் ஆளைப் பிடிக்க முடியாமல் குதிரையின் வாலை மட்டும் பிடுங்கிக்கொள்வாள். கப்பலின் முகப்பில் இருக்கும் பெண் சிலை அவள்தான், நீட்டிய கையில் குதிரைவால். கிட்டில் அந்தச் சிலையை ஒரு சின்ன உலோக வார்ப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். முகம் உருகிப்போன மெழுகுவத்தி மாதிரி இருக்கிறது, வால் மட்டும் அழகாக வந்திருக்கிறது.

கப்பல் தண்ணீரில் இறங்கியது 1869 நவம்பர் 22, ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன். சீனாவிலிருந்து லண்டனுக்குத் தேயிலையை மற்றவர்களுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றே ஜான் வில்லிஸ் என்ற கப்பல் முதலாளி கட்டச் சொன்னது. அந்த மாதம் 17-ஆம் தேதிதான் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். நீராவிக் கப்பலுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது, பாய்க்கப்பலுக்குச் செங்கடல் காற்று தோதுப்படாது, அதனால் இது ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னால் வேலை போன மாப்பிள்ளை கதை. எனக்கு இந்தக் கப்பல்மேல் பிடிப்பு வந்ததே இதனால்தான், ஜெயித்த கப்பல் என்பதால் இல்லை.

இனி பெட்டி. மரத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவும் இல்லை, சொன்னால் வாய் அழுகிவிடும். நடுவில் ஏராவாக ஒரு நீளமான பிளைவுட் துண்டு, அதில் குறுக்கே சொருக வங்குகள், எல்லாம் லேசரில் வெட்டியது, அமுக்கினால் டக்கென்று உட்காருகிறது. ஏரா, வங்கு என்பதெல்லாம் எங்கள் ஊர்ச் சொல். நான் தூத்துக்குடிக்காரன். ஏரா என்றால் கலத்தின் அடிமரம், முதுகெலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், வங்கு அதன் விலா. கிட்டோடு வந்த புத்தகத்தில் இதற்கு வேறு பெயர்கள். அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன், இப்போதே ஆரம்பித்தால் மரத்தைப் பாராட்ட மனசு வராது.

வங்கு எல்லாவற்றையும் ஒட்டியதும் நேராகப் பலகை பதிக்கப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு வங்கின் ஓரத்தையும் உப்புத்தாள் போட்டுச் சரிவாகத் தேய்க்க வேண்டும், பலகை வளைந்து போகும்போது ஓரத்தில் மட்டும் படாமல் முழுசாகப் படிந்து உட்கார வேண்டும் என்பதற்காக. இதற்கே எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அப்புறம் பலகை. அரை சென்டிமீட்டர் அகலத்தில் நீள நீளமான மெல்லிய பட்டைகள். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, எடுத்துத் துடைத்து, சூடான சால்டரிங் அயர்ன் குழல்மேல் மெதுவாக இழுத்து வளைக்க வேண்டும். கை பழகிவிட்டால் பட்டை வெண்ணெய் மாதிரி வளைந்து கொடுக்கும், ஊறின மரம் சூட்டில் அவித்த பனங்கிழங்கு வாசனை விடும், அது ஒரு சுகம். பதினோராவது பட்டையை வளைக்கும்போது ஆபீஸிலிருந்து போன். இரண்டு நிமிடம்தான் பேசினேன். திரும்பிப் பார்த்தால் பட்டையில் கருகின வட்டம், வீடு முழுக்கப் புகை. நிஜக் கட்டி சார்க் 2007 மே மாதம் லண்டன் கிரீனிச்சில் பழுதுபார்க்கும்போது தீப்பிடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் நிறுத்தாமல் விட்டுப்போன ஒரு பெரிய வாக்குவம் கிளீனராக இருக்கும் என்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அவ்வளவு பெரிய கப்பலில் இவ்வளவு அஜாக்கிரதையா என்று சிரித்தவன் நான்.

பலகை இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, இடைவெளியில் மரத்தூளும் ஃபெவிக்காலும் குழைத்து அப்பித் தேய்த்துவிடலாம். எங்கள் ஊரில் பலகைச் சந்தில் பஞ்சு அடைத்துக் கலப்பத்து பண்ணுவார்கள், நான் செய்தது அதன் ஏழைத் தம்பி. இரண்டாவது அடுக்குதான் வெளியே தெரிவது, வால்நட் மரம், நிறமும் ரேகையும் அவ்வளவு அழகு. அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறது புத்தகம். நிஜக் கப்பல் கறுப்புதான், ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கை வரவில்லை, ஒரு வாரம் அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீர்மட்டத்துக்குக் கீழே ஒட்டச் செம்பு நாடா கொடுத்திருக்கிறார்கள், பின்பக்கம் பசையோடு. நாடா தரம் நல்லது, நிறம் தப்பு. காரணம் சொல்கிறேன். கட்டி சார்க் முழு மரக்கப்பலும் இல்லை, முழு இரும்புக்கப்பலும் இல்லை. வங்கு இரும்பு, மேலே பதித்த பலகை மரம், தேக்கும் எல்ம் மரமும். ஏன் இந்தக் கலப்பு என்றால், வங்கு இரும்பாக இருந்தால் கலம் விறைப்பாக நிற்கும், உள்ளே சரக்குக்கு இடமும் கூடும். ஆனால் அடிப்பாகமும் இரும்பாக இருந்தால் அதன்மேல் செம்புத் தகடு அடிக்க முடியாது, உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் இரும்பு அரித்துப் போகும். தகடு இல்லையென்றால் பாசியும் சிப்பியும் ஏறிக் கப்பல் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிடும். அதனால் வெளியே மரம், மரத்தின்மேல் தகடு. அந்தத் தகடும் வெறும் செம்பு இல்லை, மன்ட்ஸ் மெட்டல் என்று, சுமார் அறுபது பங்கு செம்பு நாற்பது பங்கு துத்தநாகம், கிட்டத்தட்ட பித்தளை. ஆகவே நம் வீட்டுக் குத்துவிளக்கு நிறம் வர வேண்டும், கிட்டில் இருப்பது புதுச் செப்புக்குடத்தின் நிறம். சிலர் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் எனக்கும் பெரிசாகத் தெரியவில்லை.

சுக்கான் ஒட்டும்போது கொஞ்சம் நிதானமாக இருங்கள், பித்தளைக் கீல்கள் கடுகு அளவு, ஒன்று தரையில் விழுந்தால் காந்தம் வைத்தும் எடுக்க முடியாது, பித்தளை ஒட்டாதே. நான் இரண்டைத் தொலைத்தேன். சுக்கானைத் தொலைப்பது இந்தக் கப்பலுக்குப் புதுசில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். 1872-இல் தெர்மாபிலே என்ற இன்னொரு கிளிப்பரும், அதாவது வேகத்துக்கென்றே கட்டிய பாய்க்கப்பலும், இதுவும் ஷாங்காயிலிருந்து சேர்ந்தாற்போல் கிளம்பின. கட்டி சார்க் நன்றாக முன்னால் போய்க்கொண்டிருந்தபோது இந்தியப் பெருங்கடலில் புயல், சுக்கான் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. முதலாளியின் தம்பியும் கப்பலில் இருந்தார், பக்கத்துத் துறைமுகத்துக்குப் போ என்று சத்தம் போட்டார். கேப்டன் பெயர் மூடி, அவர் கேட்கவில்லை. அலையில் ஆடும் மேல்தட்டில் உலை மூட்டி, இரும்பு அடித்து, கையிருப்பில் இருந்த மரக்கழிகளை வைத்துப் புதுச் சுக்கான் செய்து மாட்டி லண்டன் வந்து சேர்ந்தார். தெர்மாபிலே வந்து ஒரு வாரம் கழித்து. தோற்றுப்போன இந்தப் பந்தயத்தைத்தான் ஜனங்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். என் சுக்கான் இரண்டு கீல் குறைவாகத்தான் தொங்குகிறது, யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மேல்தட்டுச் சாமான்கள், அதாவது அறைகள், படகுகள், நங்கூரம், கோழிக்கூண்டு, எல்லாம் சுமார் ரகம். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, புத்தகம்.

நாலு மொழியில் 36 பக்கம், அதோடு வரைபடத் தாள்கள் பத்து. உடல் கட்டுகிற வரைக்கும் படத்தைப் பார்த்தே செய்துவிடலாம், எழுத்தைப் படிக்க வேண்டிய தேவையே வராது. பாய்மரம் நட்டுக் கயிறு கட்ட ஆரம்பிக்கும்போதுதான் வினை. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு எண், எண் 1 முதல் 214 வரை. எண் 87-ஐ எண் 31 முளையில் கட்டவும், எண் 88-ஐ எண் 32 முளையில் கட்டவும். இவ்வளவுதான் விளக்கம். அந்த 87 என்ன வேலை செய்கிற கயிறு, பாயை ஏற்றுகிறதா, இறக்குகிறதா, மரம் சாயாமல் பிடிக்கிறதா, ஒரு வார்த்தை கிடையாது. நடுநடுவே கப்பல் பாஷையில் சில சொற்களைத் தூவியிருக்கிறார்கள். தெரிந்தவனுக்கு அது தேவையில்லை, தெரியாதவனுக்கு அது புரியாது.

ஒரு உதாரணம். 'ஷீட் 6-ஐ இறுக்கமாக இழுக்கவும்' என்று ஒரு வரி. நான் வரைபடத் தாள் ஆறை எடுத்து விரித்தேன். அதில் சமையலறைப் புகைபோக்கி இருந்தது. ஒருவேளை பாயைச் சொல்கிறார்களோ, விரித்த துணியைத்தானே ஷீட் என்போம் என்று ஆறாவது பாய் எது என்று எண்ணினேன், மேலிருந்து எண்ணுவதா கீழிருந்து எண்ணுவதா என்ற சந்தேகத்தில் ஒரு சாயந்திரம் போனது. கடைசியில் பார்த்தால் கப்பல் பாஷையில் ஷீட் என்பது தாளும் இல்லை, துணியும் இல்லை. கயிறு. பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. எங்கள் ஊர் தோணியில் அதற்குப் பெயர் தாமான். தாமான் என்று சொல்லியிருந்தால் பத்து நொடியில் கட்டியிருப்பேன், சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பழைய துறைமுகத்தில் நின்று காதில் வாங்கின சொல் அது.

நூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டி சார்க்கில் மொத்தம் 11 மைல் கயிறு என்பது பலரும் சொல்லும் கணக்கு. கிட்டத்தட்ட 17.7 கிலோமீட்டர். நூறால் வகுத்தால் 177 மீட்டர் வருகிறது. பெட்டியில் கொடுத்த நூல் எல்லா ரீலும் சேர்த்து 90 மீட்டர். கிட்டில் சில கயிறுகளை விட்டுவிடுவார்கள் என்பது வாஸ்தவம், அதற்காகப் பாதியா? போதாததற்கு நூல் முழுக்கப் பிசிறு, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கம்பளிப்பூச்சி. நிற்கிற கயிறுகள் கறுப்பு, ஓடுகிற கயிறுகள் பழுப்பு என்று நிறம் மட்டும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள். நிற்கிற கயிறு என்றால் மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பது, தார் பூசியது, அதனால் கறுப்பு. ஓடுகிற கயிறு கப்பி வழியாக இழுத்து விடுவது. நான் தையல் சாமான் கடையில் நல்ல முறுக்கான பாலியஸ்டர் நூல் நாலு கனத்தில் வாங்கினேன், 340 ரூபாய், தேன்மெழுகுக் கட்டி ஒன்று வாங்கி அதில் நூலை மூன்று தடவை இழுத்தேன், பிசிறு எல்லாம் படிந்துவிட்டது. இந்தக் கிட் வாங்கினால் அதோடு வரும் நூலை முதல் நாளே பூக்கட்டக் கொடுத்துவிடுங்கள்.

பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரிச் சின்னச் சின்னக் கயிறு கட்ட வேண்டும், மாலுமிகள் ஏறிப் போவதற்கு. ஒவ்வொரு படியிலும் ஐந்தாறு முடிச்சு, மூன்று மரத்துக்கும் இரண்டு பக்கமும். ஆயிரத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கப்பலைப் பரணில் தூக்கிப் போடுகிறார்களாம், எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது முடிச்சு என்று வைத்துக்கொண்டேன், டிவியில் எதையாவது ஓடவிட்டு. கப்பல் வேகத்தை நாட் என்று சொல்வதும் முடிச்சிலிருந்து வந்ததுதான் என்பது அந்த நாட்களில் அடிக்கடி ஞாபகம் வரும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் கட்டை கட்டிக் கடலில் விட்டு, 28 நொடி மணல் கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கைக்குள் ஓடுகிறது என்று எண்ணுவார்கள். கட்டி சார்க்கின் உச்ச வேகம் பதினேழரை முடிச்சு, மணிக்கு 32 கிலோமீட்டர். 1889-இல் பிரிட்டானியா என்ற நீராவிக் கப்பலை ராத்திரியில் பின்னாலிருந்து வந்து தாண்டிப் போனது, அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்குப் பாய்க்கப்பல் என்று நம்பவே கஷ்டமாக இருந்திருக்கும். என் வேகம் நாளைக்கு நாற்பது முடிச்சு.

இப்போது பெரியப்பா.

பெரியப்பா கண்புரை ஆபரேஷனுக்கு ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம் எங்களோடு இருந்தார். பதினாறு வயதில் தோணியில் சோறு பொங்க ஏறி, தண்டலாக இறங்கியவர், அதாவது தோணிக்குத் தலைவர். இன்ஜின் வராத காலத்தில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெறும் காற்றை நம்பிப் போய் வந்த ஆள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் காலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேஜைப் பக்கம் வந்து நின்றார். புதுக்கண். எனக்குத் தெரியாத பிசிறெல்லாம் அவருக்குத் தெரிந்தது. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"ஏல, இந்தப் பருமல ஒரு சுத்துத் திருப்பு பாப்போம்."

பருமல் என்றால் பாயைக் கட்டும் குறுக்குக் கழி.

"திரும்பாது பெரியப்பா, பொம்மைதானே, ஒட்டியாச்சு."

"திரும்பாத பருமலுக்கு எதுக்குல இவ்வளவு கயிறு?"

ஒட்டியதாகச் சொன்னேனே தவிர ஒரு ஊசிதான் வைத்திருந்தேன். அவரே சுண்டுவிரலால் முன்மரத்தின் கீழ்ப் பருமலை மெதுவாகத் தள்ளினார். அரை அங்குலம் திரும்பியது, அதன் நுனியிலிருந்து பின்னால் நடுமரத்துக்குப் போகிற கயிறு, வழியில் சாய்ந்து இறங்கும் தடித்த கயிற்றில் மாட்டி முறுக்கிக்கொண்டு நின்றது. புத்தகம் சொன்னபடிதான் கட்டியிருந்தேன். எண் 87, எண் 31 முளை. வரைபடத்திலேயே கயிறு தப்பான பக்கமாகப் போகிறது. நான் ஆறு வாரமாக அதையே பார்த்துக்கொண்டு இருந்தவன், எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது எனக்கு 87, பருமலைத் திருப்பும் கயிறு இல்லை.

"காத்து மாறிச்சுன்னா இவன் சோலி முடிஞ்சு போச்சு" என்றார், யாரோ அந்தக் கப்பலில் உண்மையிலேயே இருப்பது மாதிரி.

அடுத்தது இன்னும் மோசம். "பாயே இல்ல, மேல் பருமல எல்லாம் ஏம்ல உச்சியில ஏத்தி வச்சிருக்க?" அட்டைப்படத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். "இதுல பாய் விரிச்சிருக்கு. ஒங்கிட்ட பாய் எங்க?" என்றார். அவருக்கு இந்த மாதிரிக் கப்பலில் அனுபவம் கிடையாது, அவர் தோணியின் பாயே வேறு மாதிரி. ஆனால் பாய் இறங்கினால் பருமலும் இறங்கும் என்பது அவருக்குக் கையில் ஊறின விஷயம். பிறகு நான் தேடிப் படித்துப் பார்த்தேன், சரிதான். கட்டி சார்க் மாதிரிக் கப்பலில் கீழே இரண்டு பருமல் மட்டும் இடத்தை விட்டு அசையாது. அதற்கு மேலே இருப்பவை பாய் விரிக்கும்போது மேலே ஏறும், பாயைச் சுருட்டினால் இறங்கிவிடும். பாய் இல்லாமல் எல்லாப் பருமலையும் உச்சியில் ஏற்றி நிறுத்துவது, மழை இல்லாத நாளில் குடையை விரித்துக்கொண்டு தெருவில் நிற்பது போல. பாய் இல்லாமல் கட்டுவதற்கும் இதே கிட் என்று புத்தகம் சொல்கிறது, ஆனால் பருமலை இறக்கி வை என்று ஒரு வரி போடவில்லை.

மூன்று மரத்திலும் மேல் பருமல்களைக் கழற்றி இறக்கிக் கட்ட எனக்கு இரண்டரை வாரம் ஆனது. அந்த வேலையில்தான் புத்தகத்தைத் தூக்கி ஓரமாக வைத்தேன். பெரியப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வெள்ளைத்தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பருமலை ஏற்றுகிற கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையை இழுப்பது தாமான். இவை ஓடுவது கப்பி வழியாக. பருமலைத் திருப்புவதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு அவர் தோணியில் கிடையாது, அதற்கு மட்டும் நாங்களே திருப்புக்கயிறு என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். மூன்றே வகை. 214 கயிற்றில் ஓடுகிற கயிறு எதை எடுத்தாலும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது, ஒரு பருமலுக்குப் புரிந்தால் எல்லாப் பருமலுக்கும் அதேதான். இதை முதல் பக்கத்தில் நாலு வரியில் எழுத ஒரு கம்பெனியால் ஏன் முடியவில்லை?

இன்னொன்று. மேல்பாய்க்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் பாடத்தில் வந்தது என்று சொன்னாள், புறநானூற்றில் மீப்பாய் என்று ஒரு சொல். கூம்பையும் மீப்பாயையும் களையாமலே புகார்த் துறைக்குள் நுழைகிற பெருங்கலம். கூம்பு என்றால் பாய்மரம். ஆற்று முகம் அவ்வளவு ஆழம், சரக்கை இறக்கிப் பாரத்தைக் குறைக்காமலே உள்ளே வரலாம் என்று அர்த்தம். தாளில் அதையும் சேர்த்துக்கொண்டேன். பெரியப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது, ஆனால் கேட்டதும், "சரியாத்தான சொல்லிருக்கான்" என்றார். அவர் பேச்சில் பாதிச் சொல் எங்கெங்கிருந்தோ வந்தவை, சுக்கான் அரபிச் சொல், நங்கூரம் பாரசீகம், எதையாவது இறக்கச் சொல்லும்போது அவர் வாயில் வருகிற 'ஆரியா' போர்ச்சுகீசியம். எங்கள் அபார்ட்மென்ட் எதிரில் கட்டிடம் கட்டுகிற இடத்தில் கிரேனுக்குக் கைகாட்டுகிற வடக்கத்திப் பையனும் 'ஆரியா, ஆரியா' என்றுதான் கத்துகிறான். பெரியப்பா பால்கனியில் நின்று அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாய்த்துணி கிட்டில் இருக்கிறது, அளவாக வெட்டி மெஷின் தையல் போட்டது. நான் மாட்டவில்லை, நீங்களும் மாட்டாதீர்கள். தையல் ஒவ்வொன்றும் நிஜ அளவுக்குக் கணக்குப் போட்டால் முழங்கை நீளம் வருகிறது, அந்தத் தையலை எந்த ஊசியால் தைத்திருப்பார்கள்! துணியும் விறைப்பு, ஹோட்டல் மேஜைவிரிப்பு மாதிரி. நிஜக் கப்பலில் 32 பாய், 32,000 சதுர அடி, அதன் ஒய்யாரம் இந்தத் துணியில் வராது. வெறும் மரமும் கயிறும்தான் அழகு.

வாடிக்கையாளர் சேவை. மூன்று ஓட்டை போட்ட வட்டக் கட்டைகள், மண்டையோடு முழிக்கிற மாதிரி இருக்கும், டெட் ஐ என்று அதற்குப் பெயரே, பக்கக் கயிறுகளை இறுக்க அடியில் கட்டுவது. அதில் 14 குறைந்தது. மெயில் போட்டேன். மூன்று வாரம் கழித்து மன்னிப்புக் கடிதத்தோடு 14 அனுப்பினார்கள், காசு கேட்கவில்லை, ஆனால் இரண்டு மில்லிமீட்டர் பெரிசு. மறுபடி மெயில் போட்டதற்கு இதுவரை பதில் இல்லை. கடைசியில் பின்மரத்துக்கு அந்தப் பெரிய கட்டைகளையே போட்டுவிட்டேன். எண் 87 தப்பு என்று படம் வரைந்தும் அனுப்பினேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது, 'எங்கள் தயாரிப்பில் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி' என்று.

வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: முதல் கப்பல் இது என்றால் வேண்டாம். ஒரே மரம், ஒரே பாய் உள்ள சின்னப் படகு ஒன்று ஐந்தாறாயிரத்துக்குக் கிடைக்கும், அதைக் கட்டுங்கள், கயிறு எப்படி வேலை செய்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும், அப்புறம் இதற்கு வாருங்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு கட்டியவர்கள் தாராளமாக வாங்கலாம், இந்த விலைக்கு இப்படி மரம் கிடைப்பது அபூர்வம். புத்தகத்தில் உடல் கட்டும் பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடுங்கள். சால்டரிங் அயர்ன், உப்புத்தாள், கவட்டி மாதிரி மெல்லிய ட்வீசர் இரண்டு, நகவெட்டி (நூல் வெட்ட இதைவிட நல்ல கருவி கிடையாது), எல்லாம் சேர்த்து இன்னொரு இரண்டாயிரம் ஒதுக்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்குத் தனி. நான் விசாரித்த இடத்தில் 7,000 சொன்னார்கள், பூனை இருக்கிற வீடு என்றால் யோசிக்காமல் கொடுத்துவிடுவீர்கள்.

மார்க் கேட்டால் மரத்துக்கு ஐந்துக்கு ஐந்து, செம்பு நாடாவுக்கு மூன்று, நூலுக்கு ஒன்று, புத்தகத்துக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கப்பல் இன்னும் முழுசாக முடியவில்லை. நடுமரத்தின் ஆக உச்சியில் இருக்கிற குட்டிப் பருமலின் ஆஞ்சானை மட்டும் கட்டாமல், நுனியைத் துணிக்கிளிப்பில் கவ்வித் தொங்கவிட்டிருக்கிறேன். நேற்று ஊரிலிருந்து போன். "அதத் தொடாத, நான் வந்து கட்டுதேன்" என்றார். அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன். அதுவரைக்கும் சாப்பாடு தரையில்தான்.